சுருட்டி வைத்தவர் யார்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாகவும், ஆரம்பத்தில் கொஞ்சம் வறட்சியாகவும் தோன்றலாம். நம் உடம்பிலுள்ள உயிரணுக்களுக்குள்ளே ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. அவ்வளவு நீளமான நூல் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடங்கிக் கிடக்கிறது, அதை அங்கே ஒழுங்காக வைத்தது எது என்பதுதான் விஷயம். "இது காலேஜில் பேச வேண்டிய சங்கதியல்லவா? தறிக்காரரும் குடியானவரும் கடைக்காரரும் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூட்டத்திற்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நூல் சிக்கலைப் பற்றித் தறிக்காரருக்குத் தெரிந்ததைவிட அதிகமாகக் காலேஜுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? (சிரிப்பு).

அல்லாமலும், இதில் நம் வீட்டு விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஒரு குழந்தை விரல்கள் ஒட்டியோ, விரல் குட்டையாகவோ, கட்டைவிரல் இரண்டாகவோ பிறந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பெற்றவளைப் பார்த்து, "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? அந்த நேரத்தில் காய் நறுக்கினாயா?" என்று கேட்கிறோம். அவளும் ஆறு மாதம் எட்டு மாதம் பின்னோக்கி யோசித்து, எந்த வேளையில் என்ன செய்தோமோ என்று தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்டு அழுகிறாள். அந்தக் கேள்விக்கு இந்த நூலிடம் பதில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குச் சற்று தூரம் நடக்க வேண்டும். பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லுகிறேன். மனிதனுடைய ஒரு உயிரணுவின் நடுவே உட்கரு என்று ஒன்று உண்டு. அதன் குறுக்களவு சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் வரும் ஒரு துண்டு. அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நூலை எடுத்து ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர், ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். 46 துண்டுகளாக இருக்கிறது. துண்டு ஒவ்வொன்றுக்கும் குரோமோசோம் என்று பெயர். நூலின் பருமனோ 2 நானோமீட்டர், கண்ணுக்கும் சாதாரண பூதக்கண்ணாடிக்கும் எட்டாதது.

இந்த எண்கள் காதில் விழுந்து அப்படியே போய்விடும். ஆகையால் எல்லாவற்றையும் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். உட்கரு உரித்த தேங்காய் அளவுக்கு வரும். நூலின் பருமன் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாய் இருக்கும். நீளமோ 20 கிலோமீட்டர்! ஒருவன் விடியற்காலையில் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் நான்கைந்து மணி நேரம் நடக்க வேண்டும். அவ்வளவும் ஒரு தேங்காய்க்குள். அகத்தியர் சமுத்திரத்தையே உள்ளங்கையில் அடக்கிக் குடித்தார் என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள், அதே அளவு ஆச்சரியம் தங்கள் கன்னத்துத் தோலிலேயே கோடிக்கணக்கில் இருப்பதைக் கேட்டால் கொட்டாவி விடுகிறார்கள். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

இந்த வஸ்துவை முதன்முதல் பிரித்தெடுத்தவர் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். 1869-ல் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்துக் கோட்டையின் பழைய சமையலறையில் அமைந்த சோதனைச் சாலையில், ஆஸ்பத்திரியிலிருந்து கழித்துப் போட்ட கட்டுத் துணிகளை வாங்கி, அதிலிருந்த சீழைக் கழுவி, அந்தச் சீழின் உயிரணுக்களிலிருந்து எடுத்தார். புண்ணின் சீழைத் தொட்டு ஆராய்ந்த கையால்தான் உயிரின் நூல் அகப்பட்டது.

நிற்க, இனி நூலின் குணத்திற்கு வருகிறேன். மிக நீண்ட சங்கிலிபோல் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்து ஒரே மூலக்கூறாக இருக்க முடியும் என்று 1920-ல் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மன் இரசாயன பண்டிதர் சொன்னபோது, அக்காலத்துப் பெரிய பண்டிதர்கள் பலர் "அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது" என்று தள்ளிவிட்டார்கள். அவர் சொன்னதே சரி என்று ஆகி, 1953-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ரப்பர், பருத்தி, பட்டு, மயிர், டி.என்.ஏ. எல்லாம் இந்த நெடுஞ்சங்கிலி ஜாதிதான். நான் சொல்லும் ஜாதியில் உயர்வு தாழ்வு இல்லை. குணத்தில் ஒற்றுமைதான் உண்டு.

அந்தக் குணம் என்னவென்றால், சங்கிலியானது யாரும் தொடாமலே ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். சுற்றியுள்ள தண்ணீரின் துகள்கள் சூட்டினால் துள்ளித் துள்ளி அதை இடித்துக்கொண்டே இருக்கின்றன. கள்ளுக்கடையை விட்டு வெளியே வந்த ஒருவன் ஒவ்வொரு அடியையும் எந்தத் திசையில் வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்தால், நூறு அடி வைத்த பிறகு கடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பான்? சராசரியாகப் பத்தடி தூரத்தில். பதினாயிரம் அடி வைத்தால் நூறடி தூரத்தில். நூறு மடங்கு நடந்தும் பத்து மடங்குதான் முன்னேற்றம். தட்டுத்தடுமாறி நடப்பவனின் இந்தக் கணக்கை 1905-ல் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணித பண்டிதர் கேள்வியாகக் கேட்டு வெளியிட்டார். நெடுஞ்சங்கிலியின் உருவமும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு கண்ணியும் குடிகாரனுடைய ஓரடி.

இதை நீங்கள் வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். அகலமான ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். இழுத்தபடியே சற்று நேரம் ஆறவிட்டுப் பிறகு தளர்த்தி உதட்டில் வையுங்கள், குளிரும். இதை 1805-ல் எழுதி வைத்தவர் ஜான் கௌ என்பவர். அம்மையினால் கண் பார்வை இழந்தவர். கண் இல்லாதவர் உதட்டைக் கொண்டு கண்டுபிடித்தார். அது மாத்திரமல்ல. கொல்லர் வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை போடும்போது இரும்பைக் காய்ச்சினால் அது விரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எடை கட்டி இழுத்துத் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது விரியாமல் சுருங்கி எடையை மேலே தூக்குகிறது! ஏன்? நேராய் நீண்டு நிற்பதற்குச் சங்கிலிக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சுருண்டு கிடப்பதற்கு எண்ண முடியாத வழிகள் உண்டு. இடித்துக்கொண்டே இருந்தால் அது வழி அதிகமுள்ள பக்கத்துக்கே போகும். சூடு ஏற ஏற இடி அதிகம்; ஆகவே சுருளும் பலமும் அதிகம். இந்த "வழிகளின் எண்ணிக்கை"க்குத்தான் பௌதிகத்தார் என்ட்ரோபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1934 வாக்கில் கூன் முதலியவர்கள் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். ரப்பரை இழுத்துப் பிடித்திருக்கும் விசைக்குப் பின்னால் யாருடைய விருப்பமும் இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது.

இப்பொழுது இந்தச் சங்கிலியை அடைத்து வைப்போம். நம்முடைய குரோமோசோம்களில் மிக நீளமானது 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அதை வெறும் நூலாகத் தண்ணீரில் இஷ்டம்போல் கிடக்க விட்டால் குடிகாரன் கணக்குப்படி சுமார் 90 மைக்ரான் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். அடைந்து கிடக்கும் அறையோ 10 மைக்ரான். அதிலும் 46 பேர்! இதில் வேடிக்கை என்னவென்றால் இடம் பற்றவில்லை என்பதல்ல. நூலின் பொருளை மாத்திரம் கணக்கிட்டால் அது தேங்காயின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குதான் வரும். இடம் தாராளம், நெளிவதற்குச் சுதந்திரம் இல்லை, அவ்வளவுதான். சுவருக்குள் அடைபட்ட சங்கிலிக்குப் படுக்கும் வழிகள் குறைகின்றன. ஆகவே அது சுவரைத் தள்ளுகிறது. பக்கத்துச் சங்கிலியையும் தள்ளுகிறது.

இந்தத் தள்ளுதலே சில இடங்களில் வேலைக்காரனாகிவிடுகிறது. குடலில் வாழும் இ.கோலி என்ற பாக்டீரியா 2 மைக்ரான் நீளமுள்ள குழல் போன்றது. அதனுள் 46 லட்சம் எழுத்துக்களைக் கொண்ட, ஒன்றரை மில்லிமீட்டர் நீளமான ஒரே வளைய நூல். அது இரண்டாகப் பிரிகிறபோது நூலும் இரண்டாகிறது. இரண்டு நூலும் குறுகிய குழலுக்குள் கலந்து கிடந்தால் படுக்கும் வழி குறைவு. ஆளுக்கொரு பக்கமாய் விலகிக் கிடந்தால் வழி அதிகம். ஆகையால் யாரும் இழுக்காமலே அவை விலகப் பார்க்கும் என்று 2006-ல் ஜுன், முல்டர் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். பாக்டீரியாவில் இது ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே புரதத்தாலான கருவிகளும் உண்டு. ஆனால் அந்தக் கருவிகளுக்குப் பாதி வேலையை நெருக்கடியே முடித்துக் கொடுக்கிறது.

இனி நம் உட்கருவுக்குத் திரும்புவோம். அங்கே நூல் வெறும் நூலாக இல்லை. தார்க்குழலில் நூல் சுற்றுவதுபோல், ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் 147 எழுத்து நீளத்திற்கு ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாய்ச் சுற்றி, கொஞ்சம் இடைவெளி விட்டு, அடுத்த உருளையில் சுற்றி, இப்படி ஒரு உயிரணுவில் சுமார் 3 கோடி உருளைகள் கோத்த மாலையாக இருக்கிறது. இந்த நூலும் உருளையும் சேர்ந்த சரக்குக்குக் குரோமாட்டின் என்று பெயர்.

இந்த மாலை மேலும் எப்படி மடிகிறது என்று பல வருட காலமாகப் பாடப் புத்தகங்களில் ஒரு அழகான படம் போட்டு வந்தார்கள். மாலை 30 நானோமீட்டர் பருமனுள்ள கயிறாக முறுக்கிக்கொள்ளும், அந்தக் கயிறு மேலும் சுருளும், அது மேலும் சுருளும் என்று படிப்படியாக, கோபுரம் கட்டியதுபோல் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கினார்கள். 2017-ல் அமெரிக்காவில் சால்க் நிலையத்தார் உயிரணுவை உடைக்காமலே, உட்கருவுக்குள் இருக்கிறபடியே சாயம் ஏற்றிப் பார்த்தபோது, அந்தக் கயிறு அங்கே காணப்படவில்லை. 5 முதல் 24 நானோமீட்டர் வரை பருமனுள்ள, ஒழுங்கில்லாமல் வளைந்து நெளிந்த சங்கிலிதான் இருந்தது. சோதனைக் குழாயில் உப்பைக் குறைத்துப் பார்த்தபோது உண்டான கயிறு உயிருள்ள இடத்தில் இல்லை. இதற்காக அந்தப் படத்தைப் போட்டவர்களை யாரும் ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. படத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரு புராணத்தின் ஒரு படத்தை இப்படி மாற்றிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஒழுங்கே இல்லையா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 46 சங்கிலிகளும் சேமியாப் பாத்திரம்போல் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டா? 1885-ல் ராபிள் என்பவரும், 1909-ல் போவெரி என்பவரும் தனி இடம் உண்டு என்றார்கள். பின்னாளில் பலர் அதை மறந்து, எல்லாம் கலப்புத்தான் என்று எண்ணினார்கள். ஜெர்மனியில் கிரேமர் என்னும் அண்ணன் தம்பி இருவர் இதற்கு ஒரு நல்ல பரீட்சை கண்டுபிடித்தார்கள். உட்கருவின் ஒரு சிறு புள்ளியில் மாத்திரம் லேசர் ஒளியால் சுட்டார்கள். கலந்து கிடந்தால் அந்தப் புள்ளியில் எல்லாக் குரோமோசோம்களின் துண்டும் இருக்கும். எல்லாவற்றுக்கும் காயம் படும். தனித்தனி இடமானால் சிலவற்றிற்கே காயம் படும். சிலவற்றிற்குத்தான் பட்டது. 1980-களின் தொடக்கத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

அதற்கு வேலி போட்டது யார்? வேலி இல்லை. உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் கட்டையாய்ச் சுருங்கித் தனித்தனியே நிற்கின்றன. பிறகு தளர்ந்து விரிகின்றன. ஒரு சங்கிலி இன்னொரு சங்கிலியை ஊடுருவிப் போக முடியாது. பாம்பு புற்றுக்குள் ஊர்வதுபோல் நுனியால் நெளிந்து நெளிந்துதான் உள்ளே புக வேண்டும். பிரெஞ்சு தேசத்து டி ஜென் என்பவர் 1971-ல் இந்த ஊர்தலின் கணக்கைப் போட்டார். அவருக்கும் 1991-ல் நோபல் பரிசு. அந்தக் கணக்கைக் கொண்டு பார்த்தால், மனிதனுடைய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று முழுதும் கலந்து போக நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகும். உயிரணு அதுவரை எங்கே காத்திருக்கிறது? கலப்பதற்கு நேரம் போதாததால் கலக்கவில்லை. இதுதான் அங்கே உள்ள எல்லைச் சட்டம்!

நூலில் எந்த இடம் எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்கெடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. பிரேதம் கெடாமலிருக்கப் போடும் பார்மலின் வகை மருந்தை உயிரணுவில் செலுத்தினால், எது எதன் பக்கத்தில் இருந்ததோ அது அதனோடு ஒட்டி நின்றுவிடும். பிறகு நூலை வெட்டி, பக்கத்தில் இருந்த முனைகளை ஒட்டி, எழுத்தைப் படித்துக் கணக்கெடுக்கலாம். 2009-ல் அமெரிக்காவில் இதை மனிதனுடைய நூல் முழுவதற்கும் செய்தார்கள். வெகு நேரம் கலக்கி முடிச்சு விழுந்த நூலுருண்டையானால், நூலின் வழியே தூரம் இரண்டு மடங்காகும்போது இரு புள்ளிகள் சந்திக்கும் சந்தர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். அவர்கள் கண்டதோ பாதிதான் இறங்கியது. 5 லட்சம் எழுத்திலிருந்து 70 லட்சம் எழுத்து தூரம் வரை இப்படியே இருந்தது. முடிச்சு விழாமல் கசக்கிய உருண்டைக்கு இந்தக் கணக்குத்தான் வரும் என்று கிராஸ்பெர்க் முதலிய ரஷ்ய பௌதிகத்தார் 1988-லிருந்தே சொல்லி வந்திருந்தார்கள். தறிக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒழுங்காய்ச் சுற்றிய சிட்டத்தில் எந்த இழையை இழுத்தாலும் வரும். பிள்ளைகள் விளையாடிய சிட்டத்தில் வராது. வேண்டிய இடத்தில் நூலைத் திறந்து படிக்க வேண்டிய உயிரணுவுக்கு முதல் மாதிரிதான் உதவும். இந்தச் சித்திரமும் முழுமையானதல்ல. அதற்கு மேல் இரண்டு காரியங்கள் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, ஒட்டுந்தன்மை. படிக்கப்படாத பகுதிகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். உட்கருவின் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். படிக்கப்படும் பகுதிகள் நடுவில் இருக்கும். தண்ணீரில் விட்ட எண்ணெய் யார் சொல்லி ஒன்றுசேருகிறது? அதே காரியம்தான். இரவில் திரியும் சுண்டெலியின் கண்ணிலுள்ள ஒருவகை உயிரணுக்களில், சுவரோடு பிடித்து வைக்கும் புரதங்கள் இல்லாமற் போகின்றன. உடனே படிக்கப்படாத பகுதியெல்லாம் சுவரை விட்டு நடுவே வந்து ஒரே உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. அந்த உருண்டை சிறு கண்ணாடி வில்லைபோல் வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பதால் இருட்டில் எலிக்குப் பார்வைக்கு உதவுகிறது. இது 2009-ல் வெளியானது. "பார்த்தீர்களா, எலிக்கும் இரங்கி ஆண்டவன் வில்லை செய்து கொடுத்தான்" என்று ஒருவர் சொல்லலாம். கட்டை அவிழ்த்தால் எண்ணெய் நடுவே சேருகிறது; சேர்ந்தது பயன்பட்ட எலி பிழைத்துக் குட்டி போட்டது. இதில் இரக்கத்திற்கு எங்கே வேலை?

இரண்டாவது, வளையம் இழுக்கும் கருவி. கிணற்றடியில் ஒருவன் ஒரே இடத்தில் நின்று இரண்டு கையாலும் இருபுறமிருந்தும் கயிற்றை இழுத்தால் நடுவில் வளையம் பெருத்துக்கொண்டே போகுமல்லவா? கொஹீசின், கண்டென்சின் என்ற மோதிரம் போன்ற புரதங்கள் அப்படியே நூலை வளையம் வளையமாக இழுக்கின்றன என்று 2015, 2016-ல் அமெரிக்காவில் இரண்டு கூட்டத்தார் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அனுமானந்தானே என்று சிலர் சந்தேகித்தார்கள், சந்தேகித்ததும் நியாயமே. 2018-ல் நெதர்லாந்தில் டெல்ப்ட் நகரத்தார் ஒரு நூலை இரு முனையும் கண்ணாடியில் ஒட்டி, ஒளிரும் சாயமேற்றி, கண்டென்சினையும் அதற்கு வேண்டிய ஏ.டி.பி. என்ற எரிபொருளையும் விட்டு, வளையம் வளருவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். வினாடிக்கு 1,500 எழுத்து வரை இழுக்கிறது. எரிபொருள் இல்லாவிட்டால் இழுக்காது.

கொஹீசின் எங்கே நிற்கிறது? சி.டி.சி.எப். என்ற வேறொரு புரதம் நூலில் அங்கங்கே முளை அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதில் முட்டினால் நின்றுவிடும். ஆகவே நூல் அடுக்கடுக்கான அறைகளாகப் பிரிகிறது. ஓர் அறைக்குள் இருப்பவை தங்களுக்குள் அதிகம் சந்திக்கும், பக்கத்து அறையோடு அதிகம் சந்திக்காது. 2017-ல் கொஹீசினை உயிரணுவிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். வளையங்கள் மறைந்தன, மறுபடி வரவிட்டால் வளையங்களும் திரும்ப வந்தன. ஆனால் ஒட்டுந்தன்மையால் ஏற்படும் பிரிவு மறையவில்லை, முன்னிலும் தெளிவாயிற்று. இரண்டும் வெவ்வேறு காரியங்கள், வெவ்வேறு காரணங்கள் என்பது இதனால் ருசுவாயிற்று.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு நண்பர் எழுந்து, "இத்தனையும் தானாக நடக்குமா ஐயா?" என்று கேட்பார். தானாக என்று நான் சொல்லவில்லையே! சூடு இடிக்கிறது, சுவர் அடைக்கிறது, இழை இழையை ஊடுருவ முடியவில்லை, சில பாகம் ஒட்டுகிறது, எரிபொருள் தின்னும் கருவி இழுக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கலாம்; நிறுத்தினால் இன்னது மாறும் என்று முன்கூட்டியே சொல்லலாம்; சொன்னபடி மாறுகிறதா என்றும் பார்க்கலாம். "ஒருவர் சுருட்டி வைத்தார்" என்கிற பதிலில் எதை நிறுத்திப் பார்ப்பது?

இன்னொரு நண்பர் வேறு மாதிரி. "அப்படியானால் நம் தலையெழுத்து என்று பெரியவர்கள் சொன்னது இந்த டி.என்.ஏ. எழுத்தைத்தான், அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது" என்பார். அவருக்குச் சொல்லுகிறேன். உங்கள் கண்ணிலும், ஈரலிலும், கால் தோலிலும் எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான். கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருப்பது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த மடிப்போ நிமிஷத்துக்கு நிமிஷம் நெளிந்துகொண்டிருக்கிறது. இதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தால் அந்த வார்த்தைக்கு உள்ள அர்த்தமும் போய்விடும்.

இனி, நான் முதலில் சொன்ன குழந்தையிடம் வருகிறேன். கை உண்டாகும்போது விரல்களின் ஒழுங்குக்கு வேண்டிய ஒரு பரம்பரைக் கூறு எஸ்.எச்.எச். என்பது. அதை எப்போது, எங்கே இயக்குவது என்று கட்டுப்படுத்தும் விசைப்பலகை அதன் பக்கத்தில் இல்லை. நூலின் வழியே சுமார் 10 லட்சம் எழுத்து தூரத்தில், வேறொரு கூற்றின் நடுவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருப்பது எப்படித் தொடும்? நூல் மடிவதால்தான், அறைக்குள் அடைந்து கிடப்பதால்தான். அந்த விசைப்பலகையில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கம் ஒரு விரல் கூடிவிடக்கூடும் என்று 2003-ல் எடின்பரோ ஆராய்ச்சிக்காரர்கள் பல குடும்பங்களைப் பரிசோதித்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் கீ வெஸ்ட் என்ற ஊரில் ஹெமிங்வே என்னும் ஆசிரியர் வாழ்ந்த வீட்டில் ஆறு விரல் பூனைகள் ஏராளம். அவற்றிலும் இதே இடத்தில்தான் எழுத்து மாறியிருந்தது. பாம்பின் காலைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. அந்தக் கால் ஏன் இல்லை என்பதிலும் இந்த விசைப்பலகைக்குப் பங்கு உண்டு. பாம்பில் அது சிதைந்து போயிருக்கிறது. 2016-ல் பாம்பின் துண்டை எடுத்து எலியில் அதே இடத்தில் வைத்தார்கள். பிறந்த எலிக்குக் கால் குறுகிப் போயிற்று.

இன்னும் முக்கியமானது 2015-ல் பெர்லினில் நடந்தது. சில குடும்பங்களில் விரல் குட்டையாயிருந்தது; சிலவற்றில் ஒட்டியிருந்தது; சிலவற்றில் கூடுதலாயிருந்தது. எல்லோருக்கும் நூலின் ஒரே பிரதேசத்தில் கோளாறு. ஆனால் மாறுதல் ஒரே மாதிரி அல்ல. ஒருவருக்கு ஒரு துண்டு விட்டுப் போயிருந்தது, ஒருவருக்குத் துண்டு தலைகீழாய்த் திரும்பியிருந்தது, ஒருவருக்கு இரட்டித்திருந்தது. பொதுவாக இருந்தது என்னவென்றால், அறைக்கும் அறைக்கும் இடையிலிருந்த எல்லை கலைந்திருந்தது. எல்லை கலைந்ததும் ஓர் அறையின் விசைப்பலகை பக்கத்து அறையின் விளக்கை ஏற்றிவிட்டது. அவ்வளவுதான் குற்றம்! அவர்கள் அதோடு விடவில்லை. எலிகளில் அதே துண்டுகளை வெட்டியும் திருப்பியும் பார்த்தார்கள். எலிக்கும் விரல்கள் கோணின. பிறகு எல்லையை மாத்திரம் விட்டுவிட்டு மற்ற துண்டை வெட்டினார்கள்; விரல்கள் சரியாகவே இருந்தன. அந்த எலியின் தாய் எந்தக் கிரகணத்தில் வெளியே வந்தாள், என்ன காய் நறுக்கினாள்? (சிரிப்பு).

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் நாளைக்கு உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால் சிரிப்பு நின்றுவிடும். பாட்டி வந்து கேட்க ஆரம்பித்துவிடுவாள். விரல் கோளாறுகள் எல்லாமே இந்த எல்லைக் கோளாறினால் வருகின்றன என்று நான் சொல்லவில்லை. பல காரணங்கள் உண்டு. எழுத்து மாறுவதும், துண்டு விட்டுப்போவதும் பெரும்பாலும் கரு உண்டாவதற்கு முன்போ, உண்டாகும்போதோ நடந்து முடிந்துவிடுகிறது. தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம், இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். பெண்ணை மாத்திரம் கூண்டில் ஏற்றுவதற்கு இதில் இடமே இல்லை. செய்ய வேண்டியது, குழந்தையைக் கூடிய சீக்கிரம் வைத்தியரிடம் காட்டுவது. ஒட்டிய விரல்களைப் பிரிக்கவும், கூடுதல் விரலை எடுக்கவும் சஸ்திர சிகிச்சை உண்டு. எந்த வயதில் செய்வது நல்லது என்பதை அவர் சொல்லுவார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வதற்கு அது உதவும். "ஆறு விரல் அதிர்ஷ்டம்" என்று சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அதிர்ஷ்டம் வந்தபின் பேனா பிடிக்கக் கை வேண்டாமா?

நேரமாகிவிட்டது. தறிக்காரத் தோழர் ஒருவர் நான் சிட்டத்தைப் பற்றிச் சொன்னபோது ஏதோ மறுத்துச் சொல்ல எழுந்தார். அவர் முதலில் கேட்கட்டும்.